நோய் நுழையும் வாயிலில்: அறிஞர் மக்ஃபர்லேன் பர்னெட்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நோபல் பரிசு பெற்ற அறிஞர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் எந்தக் கண்டுபிடிப்புக்காகப் பரிசு பெற்றார்களோ அதையே விரித்துரைப்பது வழக்கம். ஆஸ்திரேலிய நாட்டு அறிஞர் சர் மக்ஃபர்லேன் பர்னெட் 1960ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். நம் உடல் தனக்குரியது எது, அயலானது எது என்று எவ்வாறு பிரித்தறிகிறது என்ற ஆராய்ச்சிக்காக அப்பரிசு வழங்கப்பட்டது. அதைப் பாடநூல்களே சொல்லிவிடுகின்றன. ஆனால் அவர் தம் வாழ்வின் நடுப்பகுதியில் பல ஆண்டுகள் இன்புளூயன்சா என்னும் சளிக்காய்ச்சல் நச்சுயிரியின் பின்னாலேயே அலைந்தவர். அந்த நச்சுயிரியைத் தடுக்க, ஊசியில்லாமல், மூக்கின் வழியே செலுத்தும் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கப் பெரிதும் முயன்றார். அது கைகூடவில்லை. கைகூடாத அந்த முயற்சியை நடுவில் வைத்தே அவர் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே, விக்டோரியா மாநிலத்தில் டிராரல்கன் என்றொரு சிற்றூர். அங்கு 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஒரு வங்கி மேலாளரின் மகனாகப் பர்னெட் பிறந்தார். ஏழு குழந்தைகளில் இரண்டாமவர். மூத்த அக்காள் அறிவு வளர்ச்சி குன்றியவர். அது வெளியே தெரியக்கூடாது என்ற எண்ணம் அவ்வீட்டில் நிலவியதால், நண்பர்களை வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கமே இல்லாமற்போயிற்று. கூச்சமும் தனிமையும் சிறு வயதிலேயே அவரைப் பற்றிக்கொண்டன. பத்து வயதையொட்டி அக்குடும்பம் டெராங் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஏரியும் காடும் சூழ்ந்த அந்த ஊரில் சிறுவன் பர்னெட்டுக்கு வண்டு பிடிப்பதே பொழுதுபோக்கு. வீட்டிலிருந்த கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, பிடித்த வண்டுகளின் பெயரையும் இனத்தையும் தேடிக் குறித்துவைப்பார். விலங்கியல் மாணவர்களாகிய நமக்குப் பூச்சிப் பெட்டி தயாரிப்பது மதிப்பெண்ணுக்கான வேலை. அவருக்கோ அது யாரும் சொல்லித்தராத முதற்பாடம்.

உதவித்தொகை பெற்று ஜீலாங் கல்லூரிப் பள்ளியிலும், பின்னர் மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். மருத்துவ மாணவராக அவர் இருந்த காலத்தில்தான், முதல் உலகப் போரின் இறுதியில் தோன்றிய இன்புளூயன்சாக் கொள்ளைநோய் 1919இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவை எட்டியது. அந்நோயால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் மாண்டனர். நம் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய்க்குக் காரணம் எந்தக் கிருமி என்பதே அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஃபைஃபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்த ஒரு பாக்டீரியமே காரணம் என்று பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பொய்யென்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1922இல் மருத்துவப் பட்டம் பெற்ற பர்னெட், மூளை நரம்பியல் மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். நோயாளிகளிடம் கலகலப்பாகப் பழகும் இயல்பு அவரிடம் இல்லை. ஆய்வகமே அவருக்கு ஏற்ற இடம் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கருதினார். மனமின்றியே பர்னெட் மருத்துவமனையை ஒட்டியிருந்த வால்ட்டர் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். எலைசா ஹால் என்னும் செல்வச் சீமாட்டி, மறைந்த தம் கணவர் நினைவாக நிறுவிய அறக்கட்டளையின் பொருளுதவியால் 1915இல் தோன்றிய நிறுவனம் அது. பர்னெட் சேர்ந்த காலத்தில் மிகச் சிறியது. வேண்டாம் என்று நினைத்துப் போன அந்த இடத்திலேயே, இடையே இங்கிலாந்தில் கழித்த ஆண்டுகள் நீங்கலாக, 1965 வரை அவர் இருந்தார்.

1925இல் கப்பல் மருத்துவராகப் பணியாற்றிப் பயணச் செலவை ஈடுகட்டியவாறே இலண்டன் சென்றார். அங்கு லிஸ்டர் நிறுவனத்தில், பாக்டீரியாக்களைத் தாக்கியழிக்கும் நச்சுயிரிகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆசிரியையான லிண்டா ட்ரூஸ் என்பவரை 1928இல் மணந்தார்.

அதே 1928ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பண்டபெர்க் நகரில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடப்பட்ட 21 குழந்தைகளில் 12 பேர் ஓரிரு நாளில் இறந்தனர். நாடே நடுங்கியது. தடுப்பூசியே நஞ்சு என்று மக்கள் அஞ்சத் தொடங்கினர். விசாரணைக் குழுவின் தலைவராக ஹால் நிறுவனத்தின் இயக்குநர் கெல்லவே அமர்த்தப்பட்டார். ஆய்வகப் பணி பர்னெட்டிடம் வந்தது. மருந்தின் அடிப்படையில் குற்றமில்லை என்றும், கிருமிநாசினி சேர்க்கப்படாத அந்த மருந்துக் குப்பியில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியம் புகுந்து பெருகிவிட்டதே காரணம் என்றும் அவர் காட்டினார். ஒரு தடுப்பு மருந்து மக்கள் உடலில் என்ன செய்யும் என்பதை ஏட்டில் படித்து அறிவது வேறு. பன்னிரண்டு குழந்தைகளின் சாவிலிருந்து அறிவது வேறு. பிற்காலத்தில் மனிதரிடம் மருந்தைச் சோதித்தபோதெல்லாம் பண்டபெர்க் அவர் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1931இல் ஜீன் மக்நமாரா என்னும் பெண் மருத்துவருடன் சேர்ந்து, இளம்பிள்ளை வாத நச்சுயிரி ஒரே வகையன்று, ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன என்று கண்டறிந்தார். பிற்காலத்தில் போலியோத் தடுப்பு மருந்து செய்தவர்கள் எல்லா வகைகளையும் சேர்த்தே செய்ய வேண்டியதாயிற்று.

1932இல் மீண்டும் இலண்டன் சென்றார். இம்முறை ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலிருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனம். அவர் அங்கிருந்த காலத்தில், 1933இல், அதே கட்டடத்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும் மனித இன்புளூயன்சா நச்சுயிரியை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் தொண்டை கழுவிய நீரைப் பாக்டீரியா புகாத வடிகட்டியில் வடித்து, கீரியைப் போன்ற ஃபெரட் என்னும் விலங்கின் மூக்கில் சொட்டுகளாக விட்டார்கள். ஃபெரட்டுகளுக்குக் காய்ச்சல் கண்டது, மூக்கு ஒழுகியது. மூன்று ஆண்டுகள் கழித்து, நோயுற்ற ஃபெரட் ஒன்று அங்கிருந்த ஆய்வாளர் ஒருவரின் முகத்தில் தும்மிவிட, இரண்டு நாளில் அவருக்கும் சளிக்காய்ச்சல் வந்தது. மூக்கிலிருந்து மூக்குக்கு! இந்த நச்சுயிரியின் வழி எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நச்சுயிரிகள் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுபவை. அவற்றை வளர்க்க அன்றைய ஆய்வகங்களில் விலங்குகளே வேண்டியிருந்தன. அமெரிக்க அறிஞர் குட்பாஸ்டர் 1931இல் கோழிமுட்டைக் கருவில் நச்சுயிரியை வளர்க்கலாம் என்று காட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கலையாகவே வளர்த்தவர் பர்னெட். பத்து, பதினொரு நாள் அடைகாத்த முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்துக் கரு உயிரோடிருப்பதை உறுதி செய்து, ஓட்டில் சிறு துளையிட்டு, கருவைச் சூழ்ந்த சவ்விலோ நீரிலோ நச்சுயிரியைச் செலுத்தி, துளையை அடைத்து மீண்டும் அடைவெப்பத்தில் வைப்பார்கள். இரண்டு நாளில் முட்டைக்குள் நச்சுயிரி பல மடங்கு பெருகிவிடும். இன்றும் உலகில் செய்யப்படும் சளிக்காய்ச்சல் தடுப்பூசிகளில் பெரும்பகுதி கோழிமுட்டையில்தான் வளர்க்கப்படுகிறது.

மெல்பர்ன் திரும்பிய பர்னெட், 1935இல் அந்நகரிலேயே பரவிய சளிக்காய்ச்சலிலிருந்து நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அதை முட்டையிலிருந்து முட்டைக்கு மாற்றி மாற்றி வளர்த்தபோது ஒரு புதுமை தெரிந்தது. முட்டைக்குப் பழகப் பழக, நச்சுயிரி மனிதரை நோயில் தள்ளும் வலிமையை இழந்தது. உயிர் இருக்கிறது, நோய் இல்லை. பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குக் கையாண்ட பழைய உத்தியை ஒத்தது இது. இந்த வலுக்குன்றிய நச்சுயிரியையே தடுப்பு மருந்தாக்கினால் என்ன என்று பர்னெட் எண்ணினார். எங்கே செலுத்துவது? நோய் எவ்வழியே வருகிறதோ அவ்வழியேதான்!

இவ்வெண்ணத்துக்கு ஆய்வக ஆதாரமும் இருந்தது. இயல்பான மனிதர்களின் மூக்குச் சளியைச் சேகரித்துச் சோதித்ததில், அதிலுள்ள ஏதோ ஒரு பொருள் இன்புளூயன்சா நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்வதைப் பர்னெட்டும் உடன் பணியாற்றியவர்களும் கண்டு 1939இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸ் என்னும் அறிஞரும் இதையொத்த முடிவை வெளியிட்டார். இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை அளப்பதே அனைவருக்கும் வழக்கமாயிருந்த காலத்தில், மூக்கு ஒழுகலைக் குடுவையில் பிடித்து அளக்க முனைந்தார்கள் என்றால் வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நச்சுயிரி முதலில் சந்திப்பது இரத்தத்தையன்று, சளியைத்தான்.

அந்த ஆராய்ச்சிகளில் பர்னெட்டின் வலக்கையாக விளங்கியவர் டோரா லஷ் என்னும் இளம் பெண் அறிஞர். முட்டையில் நச்சுயிரி வளர்க்கும் நுட்பத்தில் தேர்ந்தவர். இன்புளூயன்சா பற்றிய பல கட்டுரைகளில் பர்னெட்டின் பெயரோடு அவர் பெயரும் உண்டு. போர்க்காலத்தில், காடுகளில் போரிட்ட படைவீரர்களை வாட்டிய உண்ணிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1943இல், சுண்டெலிக்கு ஊசி போடும்போது அதே ஊசி அவர் விரலில் குத்திவிட்டது. அந்நோய்க்கு அன்று மருந்தே கிடையாது. சில வாரங்களில், 32ஆம் வயதில், அவர் மாண்டார். பாடநூல்களில் பர்னெட்டுக்கு ஒரு பக்கம் என்றால் டோரா லஷ்ஷுக்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், முதற்போரைப் போலவே இதன் இறுதியிலும் கொள்ளைநோய் வருமோ என்ற அச்சம் எங்கும் பரவியது. பர்னெட் விரைந்தார். முட்டையில் வளர்த்து வலுக்குறைத்த உயிருள்ள நச்சுயிரியை, முதலில் சிறு எண்ணிக்கையிலான தொண்டர்களின் மூக்கிலும், பின்னர் இராணுவத் தொண்டர்கள் மூக்கிலும் தெளித்துச் சோதித்தார்கள். மருந்தால் கேடு எதுவும் பெரிதாக விளையவில்லை. ஆனால் எதிர்பார்த்த பயனும் விளையவில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் குறைவாக இருந்தவர்களிடம் மட்டுமே மருந்து ஓரளவு பிடித்தது. மற்றவர்களிடம் தெளித்த நச்சுயிரி தங்கவே இல்லை. இதற்கிடையே அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸும் அவர் உதவியாளர் ஜோனாஸ் சால்க்கும், முட்டையில் வளர்த்துப் பின் கொல்லப்பட்ட நச்சுயிரியை ஊசி மூலம் கையில் செலுத்தும் முறையை 1943இல் இராணுவத்தினரிடம் சோதித்து நல்ல பயன் கண்டனர். உலகம் ஊசியின் பக்கம் போயிற்று. மூக்கு வழி மருந்து ஆஸ்திரேலியாவில் கைவிடப்பட்டது. அதைக் கைவிடாமல் தொடர்ந்தவர்கள் சோவியத் நாட்டு அறிஞர்களே.

இங்கே சற்று நின்று, அது ஏன் பிடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். இம்முயற்சியின் மெய்ப்பொருளே அதில்தான் அடங்கியிருக்கிறது.

இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் இம்யூனோகுளோபுலின் ஜி. சளி, உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால் ஆகியவற்றில் மிகுதியாக உள்ளது இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் வேறு வகை. இவ்வகை 1950களின் இறுதியில்தான் தனியே இனங்காணப்பட்டது. சுரப்பு நீர்களில் அது தனி வடிவில் இருப்பதை அமெரிக்காவின் டொமாசியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களின் முற்பாதியில் காட்டினர். இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இரட்டையாக அமைந்திருப்பது அதன் தனித்தன்மை. சளிச்சவ்வின் அடியில் குடியிருக்கும் பிளாஸ்மா செல்கள் அதைச் சுரக்கின்றன. சவ்வின் மேல்தோல் செல்கள் அதைத் தம் வழியே சுமந்து மறுபக்கம் விடுகின்றன; விடும்போது ஒரு புரதத் துண்டைப் போர்வைபோல் போர்த்தியும் அனுப்புகின்றன. சளியிலுள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடாமல் இப்போர்வை காக்கிறது. நம் உடல் ஒரு நாளில் செய்யும் எதிர்ப்பொருள்களில் மற்ற எல்லா வகைகளையும் கூட்டினாலும் இந்த ஒரு வகைக்கு ஈடாகாது என்பர். உடலின் கதவுகள் அத்தனையையும் காக்க வேண்டுமல்லவா?

கையில் போடும் ஊசி, அக்குளை அடுத்த நிணநீர்க் கணுக்களைத் தூண்டி, இரத்தத்தை எதிர்ப்பொருளால் நிரப்புகிறது. நுரையீரலின் ஆழ்பகுதியில் இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மெல்லிய சுவரே இருப்பதால், அங்கு இரத்தத்தின் எதிர்ப்பொருள் கசிந்து சென்று காக்கும். மூக்குக்கு அவ்வளவாக வந்து சேராது. மூக்கில் காவல் எழுப்ப வேண்டுமென்றால், நச்சுயிரியின் தூண்டுதல் மூக்கிலேயே நிகழ வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. 2021இல் கொரோனாத் தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்ட என் தாயாருக்கு, 2022 ஜனவரியில் மீண்டும் காய்ச்சல் வந்து நோய் உறுதியானது. ஊசி போட்டும் வந்துவிட்டதே, பின்னே எதற்கு அந்த ஊசி என்று அவர் கேட்டார். தெருவிலும் அதே கேள்விதான். ஊசியே வீண் என்று பேசியவர்கள் பலர். நான் அப்போது பள்ளி மாணவன். இன்று என்றால் இப்படிச் சொல்வேன்: நெற்குதிர் இருக்கும் உள்ளறைக்கு வலுவான கதவு போட்டாயிற்று, தெருவாசலில் ஆள் நிறுத்தவில்லை. திருடன் திண்ணைவரை வந்துவிட்டான், உள்ளே போகமுடியவில்லை. நான்கு நாள் காய்ச்சலோடு போனது அதனால்தான். கொரோனா ஆண்டுகளில் உலகின் பல ஆய்வகங்கள் கண்டதும் இதுவே. ஊசி மட்டும் போட்டவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகியது, மூக்குச் சளியில் ஏ வகை குறைவாகவே இருந்தது. நோய் கண்டு பின் ஊசியும் போட்டவர்களின் மூக்கில் அது கூடுதலாக இருந்தது. அதுவும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது.

இப்போது பர்னெட்டின் தோல்விக்கு வருவோம். அவர் மருந்து தெளித்த படைவீரர்கள் வளர்ந்த ஆண்கள். வாழ்நாளில் பலமுறை சளிக்காய்ச்சல் கண்டு தேறியவர்கள். அவர்கள் மூக்கில் ஏற்கெனவே காவல் இருந்தது. அக்காவல், வலுக்குன்றிய நச்சுயிரியையும் நோய் நச்சுயிரியைப் போலவே பிடித்துத் தள்ளிவிட்டது. மருந்து பிடிக்காமற்போனதற்கு, மூக்கில் எதிர்ப்பாற்றல் உண்டு என்ற அவருடைய கருத்து சரியாயிருந்ததே பெருங்காரணம்! நச்சுயிரியை முட்டையில் அளவுக்கு மீறி வலுக்குறைத்துவிட்டதும் மற்றொரு காரணமாகக் கூறப்படுகிறது. இரண்டும் உண்மையாயிருக்கலாம். பயன் விளைந்ததா என்பதை அளக்க அன்று கையிலிருந்த முறையும் இரத்தச் சோதனையே. மூக்கில் நிகழ்வதை இரத்தத்தில் தேடினால் எவ்வளவு கிடைக்கும்? இன்றும் இச்சிக்கல் முழுதும் தீரவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 40 என்றால் ஓரளவு பாதுகாப்பு என்று சளிக்காய்ச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு. மூக்குச் சளிக்கு அப்படி எல்லோரும் ஏற்ற கணக்கு எதுவும் இல்லை. சளி ஒருவரிடம் கெட்டியாகவும் ஒருவரிடம் நீர்த்தும் இருப்பதால், ஒப்பிடுவதே கடினம்.

பர்னெட் தோல்வியோடு ஓய்ந்துவிடவில்லை. இன்புளூயன்சா நச்சுயிரி கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்குகிறது என்று அமெரிக்க அறிஞர் ஹெர்ஸ்ட் 1941இல் கண்டிருந்தார். ஒட்டிய நச்சுயிரி சற்று நேரத்தில் தானே பிரிந்துபோவதும் தெரியவந்தது. ஏன் பிரிகிறது? நச்சுயிரியிடம் ஒரு நொதி இருக்க வேண்டும். அது செல்லின் மேலுள்ள பிடிமானத்தை வெட்டிவிட வேண்டும் என்று பர்னெட் ஊகித்தார். காலராக் கிருமியும் இதே வேலையைச் செய்யும் நொதியைச் சுரப்பதை 1946இல் அவர் குழு கண்டது. அந்த நொதியால் கழுவப்பட்ட செல்லில் நச்சுயிரி ஒட்ட முடியவில்லை. நம் சளியிலும் அதே பிடிமானப் பொருள் நிறைந்திருக்கிறது. நச்சுயிரி செல் என்று நினைத்துச் சளியில் ஒட்டி ஏமாறுகிறது. நொதியால் வெட்டிக்கொண்டு முன்னேறுகிறது. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்து ஹால் நிறுவனத்தில் பணியாற்றிய காட்ஷாக் என்னும் வேதியியல் அறிஞர் இதன் வேதியியலை விளக்கினார். நியூராமினிடேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதியை முடக்கும் மருந்துகள் 1999இல் விற்பனைக்கு வந்தன. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கப்பட்ட ஒசல்டாமிவிர் அவற்றுள் ஒன்று. மூக்கு மருந்தைத் தேடிப்போனவருக்கு அது கிட்டவில்லை. பிறருக்கு ஒரு மாத்திரைக்கு வழி கிடைத்தது.

1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. பர்னெட் மறுத்துத் தம் நாட்டிலேயே தங்கினார். அவ்வாண்டே ஹால் நிறுவனத்தின் இயக்குநரானார். 1949இல், தன்னுடையதை உடல் கருவிலேயே அறிந்துகொள்கிறது. கருப்பருவத்தில் அயற்பொருள் புகுந்தால் அதையும் தனதென்று ஏற்கும் என்ற கருத்தை ஃபிராங்க் ஃபென்னருடன் எழுதிய நூலில் வெளியிட்டார். கோழிக்கருவில் இன்புளூயன்சாவைச் செலுத்தி இதை மெய்ப்பிக்க அவர் செய்த சோதனை வெற்றி பெறவில்லை. 1953இல் இங்கிலாந்தில் மெடவார் எலிகளில் மெய்ப்பித்துக் காட்டினார். இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பர்னெட் தம் தலைசிறந்த படைப்பாகக் கருதியதோ வேறொன்று. எதிர்ப்பொருள், கிருமியை அச்சாகக் கொண்டு வார்க்கப்படுகிறது என்பதே அதுவரை பெரும்பாலோர் கொள்கை. 1957இல் பர்னெட் அதைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு செல்லும் பிறவியிலேயே ஒரே வகை எதிர்ப்பொருளைச் செய்ய வல்லது. பல இலட்சம் வகைச் செல்கள் முன்கூட்டியே உள்ளன. கிருமி வந்ததும் தனக்குப் பொருந்தும் செல்லைத் தேர்ந்தெடுத்துப் பெருகச் செய்கிறது. டால்மேஜ் என்ற அமெரிக்க அறிஞரும் அதே ஆண்டு தனியே இம்முடிவை எட்டினார். பர்னெட் இதைச் சில பக்கங்களே கொண்ட கட்டுரையாக, வெளிநாட்டில் அதிகம் படிக்கப்படாத ஓர் ஆஸ்திரேலிய இதழில் வெளியிட்டார். சரியென்றால் முன்னுரிமை தமக்கு. தவறென்றால் அதிகம் பேர் பார்க்கமாட்டார்கள் என்ற கணக்கு! அடுத்த ஆண்டே அவர் மாணவர் நாசல், லெடர்பெர்க்குடன் சேர்ந்து, ஒரு செல் ஒரே எதிர்ப்பொருளைத்தான் சுரக்கிறது என்று காட்டினார். மூக்கின் சளிச்சவ்வுக்கு அடியில் குடியேறும் செல்களுக்கும் இதே விதிதான்.

பெரியோர் வரலாற்றில் இருண்ட பக்கங்களை மறைத்து எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. 1951இல், முயல்களை ஒழிக்கப் பரப்பப்பட்ட மிக்சோமா நச்சுயிரியால் மனிதருக்கும் மூளைக்காய்ச்சல் வருகிறது என்ற பீதி கிளம்பியபோது, பர்னெட்டும் இரு அறிஞர்களும் அந்த நச்சுயிரியைத் தம் உடலில் தாமே செலுத்திக்கொண்டு மக்கள் அச்சத்தைப் போக்கினார்கள். அதே மனிதர்தான், அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1947இல் ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிய இரகசியக் குறிப்பில், மக்கள் நெருக்கம் மிகுந்த தென்கிழக்காசிய நாடுகளுக்கு எதிராக உணவுப் பயிரை அழிக்கவும் நோய் பரப்பவும் வல்ல ஆயுதங்களை உருவாக்கலாம் என்று பரிந்துரைத்தார். 1998ஆம் ஆண்டுக்குப் பின்னரே ஆவணக் காப்பகத்திலிருந்து இது வெளிவந்தது. பண்டபெர்க் குழந்தைகளுக்கு எது நேர்ந்தது என்று கண்டறிந்தவரின் கை இதையும் எழுதியது. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்ல விருப்பமும் இல்லை.

1965இல் ஓய்வு பெற்றபின் ஏராளமாக எழுதினார். தொற்றுநோய்களைப் பொறுத்தவரை ஆய்வக அறிவியல் செய்ய வேண்டியதைப் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டது என்ற தொனியில் 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தாண்டுகளில் எய்ட்ஸ் வந்தது. 1973இல் மனைவி லிண்டா இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பர்னெட் தனிமையில் துவண்டார். 1976இல் ஹேசல் ஜென்கின் என்பவரை மணந்தார். 1985ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், 86ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில், போர்ட் ஃபேரி என்னும் கடற்கரை ஊரில் புற்றுநோயால் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது.

அவர் இறக்கும்போதே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாசாப் என்னும் அறிஞர், 1960களில் தொடங்கிய வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். குளிர்ந்த மூக்கில் வளர்ந்து, வெப்பமான நுரையீரலில் வளர முடியாதபடி பழக்கப்படுத்திய இன்புளூயன்சா நச்சுயிரி அவருடையது. 2003இல் அது மூக்குத் தெளிப்பு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரிட்டனில் 2013 முதல் குழந்தைகளுக்கு அதையே தெளிக்கிறார்கள். அதன் வரலாறும் நேர்க்கோடு அன்று. பயன் குறைந்துவிட்டதென்று 2016 முதல் இரண்டு பருவங்கள் அமெரிக்காவே அதை ஒதுக்கிவைத்துப் பின்னர் ஏற்றது. இந்தியாவிலும் கொரோனாவுக்கு மூக்கில் சொட்டுகளாக விடும் மருந்து ஒன்று 2022இல் அனுமதிக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு குடியரசு நாளன்று வெளியிடப்பட்டது. அமெரிக்கத் தெளிப்பு மருந்து, நச்சுயிரியை அதிகம் சந்தித்திராத குழந்தைகளிடம் நன்றாகப் பிடிக்கிறது. பலமுறை சந்தித்துவிட்ட பெரியவர்களிடம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அதன் உறையில் அச்சிட்டுள்ள வயது வரம்பு 2 முதல் 49 வரை.